ஒரே வீட்டில் இரண்டு வைரஸ்

என் மனைவி சுமதிக்குச் சிறுநீரகம் மாற்றி வைத்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு தும்மல்கூடச் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. அவளுடைய அண்ணன் பழனிவேல் கொடுத்த சிறுநீரகம் அது. மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் மேற்பார்வை வேலை பார்ப்பவர் அவர். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்ட மனிதர். அந்தச் சிறுநீரகத்தை வேற்றாள் என்று உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, சுமதி ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை உடம்பின் காவலைக் கொஞ்சம் தூங்க வைத்துவிடும். மற்றவர்களுக்குச் சளியாக வந்து போவது அவளுக்கு நுரையீரல் வரை இறங்கிவிடலாம். இதை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டுவேன். சுமதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன அடுக்குமாடிக் கட்டடத்தில் முதல் மாடியில் இருக்கிறோம். நான் வேலை பார்ப்பது அரியமங்கலத்தில், இரும்பு வெட்டி வெல்டிங் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில், சூப்பர்வைசராக. காலையில் பைக்கில் பாலம் தாண்டிப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். வந்ததும் நேராகக் குளியலறை. குளித்து உடை மாற்றிய பிறகுதான் அவளிடம் பேச்சு. காய்கறி, பால், மருந்து எல்லாம் நானே வாங்கி வந்துவிடுவேன். அவள் வெளியே போவது செக்கப்புக்கு மட்டும். கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவள் உள்ளே போய் வருஷங்களாகிவிட்டன. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

போன மார்கழியில் ஏகாதசிக்கு ஊர் நிரம்பி வழிந்தது. தெருவெல்லாம் வெளியூர்க்காரர்கள். கேட்டைக்கூடத் திறக்காதே என்று சுமதியிடம் சொல்லிவிட்டுத்தான் தினமும் கிளம்பினேன். ஆனால் நோய் ஏகாதசிக் கூட்டத்திலிருந்து வரவில்லை. பட்டறையில் ஒருத்தர் விட்டு ஒருத்தர் இருமிக்கொண்டிருந்தார்கள். முடிக்க வேண்டிய வேலை இருந்ததால் யாரும் லீவு போடவில்லை. நானும் போடவில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி நின்றேன். ஒரு சாயங்காலம் வண்டியில் வரும்போது பாலத்துக் காற்று ஊசியாய்க் குத்தியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது.

அன்றிலிருந்து நான் முன்னறையில், சுமதி படுக்கையறையில். நடுவில் மூடிய கதவு. அவள் கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவாள், அவள் உள்ளே போன பிறகு நான் எடுத்துக்கொள்வேன். அவள் குரலிலும் ஒரு மூக்கடைப்பு இருந்ததைக் கவனித்துக் கேட்டேன். தூசிதான், நீங்க பேசாம படுங்க என்றாள். காய்ச்சல் இறங்குவதாக இல்லை. பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, இனி வீட்டில் கிடந்தால் சரிவராது என்று புரிந்தது. அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் தனியாகப் புத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டோ திரும்பும்போது மேலே பார்த்தேன். பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். கையை ஆட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனில் ஆரம்பித்து எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, கூட யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான். மருந்து வாங்க, கையெழுத்துப் போட, ஸ்கேனுக்கு வண்டி தள்ள, எல்லாவற்றுக்கும் கூட ஒரு ஆள் வேண்டும். யாரும் இல்லை என்று சொல்லிச் சொல்லி, அது என் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அவசரப் பிரிவுக் கட்டிலில் படுக்க வைத்து விரலில் கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு உடனே என் மூக்கில் ஆக்சிஜன் குழாயைச் செருகினார்.

பிறகு ஒரு தட்டோடு வந்தார். நீளமான பஞ்சுக் குச்சி ஒன்றை மூக்கின் உள்ளே, இவ்வளவு தூரம் போகுமா என்று நினைக்கும் அளவுக்கு விட்டுச் சுழற்றினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குச்சியை ஒரு சின்னக் குப்பி திரவத்தில் கலக்கி, விரல் நீள பிளாஸ்டிக் அட்டையில் சில சொட்டு விட்டு, என் தலைமாட்டிலேயே வைத்தார். முன்பெல்லாம் இந்த மாதிரி சோதனைக்குச் சளியை வெளியே அனுப்பிவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். இப்போது கட்டில் பக்கத்திலேயே கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடுகிறது. ஒரு கோடு வந்தால் ஒன்றும் இல்லை, இரண்டு கோடு வந்தால் வைரஸ் இருக்கிறது என்றார்.

அப்படிப்பட்ட அட்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. கல்யாணமான புதிதில் நானும் சுமதியும் எத்தனையோ விடிகாலைகளில், வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து, இன்னொரு கோடு மங்கலாகவாவது தெரிகிறதா என்று பார்த்திருக்கிறோம். ஒருநாளும் வந்ததில்லை. அன்று ஆஸ்பத்திரியில், கேட்காமலே, அந்த இரண்டாவது கோடு பளிச்சென்று வந்து நின்றது.

டியூட்டி டாக்டர் இளம் வயதுப் பெண். நிதானமாகப் பேசினார். எனக்கு வந்திருப்பது இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் சளி கட்டியது தெரிகிறது. இந்த வைரஸுக்கு மருந்து இருக்கிறது, காலையும் இரவும் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கத் தனியறையில்தான் இருக்க வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, வீட்டில் வேறு யார் என்று கேட்டார். நான் சுமதியைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"அவங்களை உடனே வரச் சொல்லுங்க சார். காய்ச்சல் இல்லன்னாலும் பரவால்ல, வரச் சொல்லுங்க."

பழனிவேல் மச்சானுக்குத்தான் போன் செய்தேன். மண்ணச்சநல்லூரிலிருந்து வண்டியெடுத்து, ஸ்ரீரங்கம் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். நான் அதற்குள் மேல்தளத்துத் தனியறைக்குப் போயாகிவிட்டது. அவள் கீழே வந்து சேர்ந்ததும் தெரியாது, அவளைப் படுக்க வைத்ததும் தெரியாது. எல்லாம் போனில் கேட்டதுதான்.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரும். உள்ளே வருபவர்கள் முகக்கவசம், கண்ணாடி, நீல அங்கி என்று முழுதாக மூடிக்கொண்டு வருவார்கள். கண் மட்டும் தெரியும். காலையில் வந்த நர்ஸ்தான் மதியமும் வந்தாரா, வேறொருவரா என்று எனக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் கதவருகே நின்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. ஆனால் தன்னைத் தொட்ட கையை ஒருவர் தன் கண்ணெதிரே கழற்றிப் போடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது, மனசில் என்னவோ ஆகிவிடுகிறது.

சுமதிக்கும் அதே அட்டைச் சோதனை செய்தார்கள். ஒரே கோடு. மச்சான் போனில் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷம் டாக்டர் வரும் வரைதான். அட்டை ஒரு சில வைரஸ்களை மட்டும்தான் பார்க்கும், அதுவும் வைரஸ் குறைவாக இருந்தால் தவறவிட்டுவிடும், அதனால் ஒரு கோட்டை வைத்து ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது என்றார். அவளுக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டிருந்தது. மேஜையில் வைக்கிற அளவு ஒரு மெஷின் இருக்கிறது, அதை அவள் கட்டில் பக்கத்துக்கே கொண்டுபோகிறோம், ஒரே குச்சியில் எடுத்த சளியிலிருந்து பல வைரஸ்களின் தடயத்தைத் தனித்தனியாகத் தேடிச் சொல்லிவிடும் என்றார். என் மூக்கிலிருந்தும் மறுபடி ஒரு குச்சி எடுத்தார்கள்.

நான் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். அவளுக்கும் ஃப்ளூதான் என்றால் எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட முடியுமா என்று. ஒரே வைரஸ் என்றால் செய்யலாம், பார்ப்போம் என்றார்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் மச்சான் மறுபடி கூப்பிட்டார். வராந்தாவில் யாரோ டோக்கன் எண் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கம்பெனியில எல்லாரும் இருமறாங்கன்னு தெரியும்ல மாப்ள. நீங்க ஒரு நாலு நாள் போகாம இருந்திருக்கலாம்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தன் உடம்பிலிருந்து ஒரு பாகத்தை எடுத்துக் கொடுத்தவர். நான் அதைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியவன். சரி மச்சான் என்றேன்.

போனை வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். என் மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. அவளுக்கும் ஃப்ளூவாகவே இருந்துவிடட்டும், மருந்தும் இருக்கிறது, ஒரே அறையில் பக்கத்தில் இருக்கலாம் என்று ஒரு மனம். ஐயோ, அப்படியென்றால் கொடுத்தது நான்தானே என்று இன்னொரு மனம். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சாமியை நினைக்கவும் முடியாமல் கிடந்தேன்.

டாக்டர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு முன் யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"உங்களுக்கு வந்தது ஃப்ளூ மட்டும்தான் சார். அவங்களுக்கு வந்தது ஆர்.எஸ்.வி.ன்னு வேற ஒரு வைரஸ். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. உங்ககிட்டேருந்து அவங்களுக்குப் போகல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கில் குழாயோடு அழுவது கஷ்டம். அவர் காத்திருந்தார். பிறகு மற்றதையும் சொன்னார். இந்த ஆர்.எஸ்.வி. பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்கு வரும் சளி. நம்மைப் போன்றவர்களுக்கு மூக்கு ஒழுகுவதோடு போய்விடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரலில் இறங்கும். ஃப்ளூவுக்குக் கொடுப்பது மாதிரி இதற்கென்று கொடுக்க அவர்களிடம் மாத்திரை இல்லை. ஆக்சிஜன் கொடுத்து, மூச்சுக்குழாயைத் திறக்கும் புகை கொடுத்து, உடம்பு தானாகப் போராடி வரும் வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். வேறு வேறு வைரஸ் என்பதால் எங்களை ஒரே அறையில் வைக்கவும் முடியாது. என் வைரஸும் அவளுக்குப் போய்விட்டால் தாங்க மாட்டாள்.

எழுந்து போகும்போது, வீட்டில் கைக்குழந்தை யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை டாக்டர் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்வி அறையிலேயே இருந்தது.

மச்சானுக்கும் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னிடம் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து எனக்கு எவர்சில்வர் தூக்கில் மிளகு ரசமும் குழைந்த சாதமும் வர ஆரம்பித்தது. மச்சான் மனைவி வீட்டில் செய்து கொடுக்க, அவர் மண்ணச்சநல்லூருக்கும் புத்தூருக்கும் அலைந்தார். என் அறைக் கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தைக் காட்டி, சாப்பிடுங்க என்று கையால் சைகை காட்டிவிட்டு, அவள் இருந்த தளத்துக்குப் போய்விடுவார். பில் கவுண்டர், மருந்துக்கடை, ரத்தச் சோதனைக் கூடம் என்று எங்கள் இருவருக்கும் கூட வந்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

சுமதிக்கு மோசமானது. வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் கருவியை மூக்கில் பொருத்தித் தீவிர சிகிச்சைப் பிரிவில் தனித் தடுப்பில் வைத்தார்கள். பேசினால் மூச்சு போய்விடும் என்று பேசக்கூடாது என்றார்கள். அங்கிருந்த நர்ஸ் ஒருவர் இரக்கப்பட்டு, தினமும் ஒருமுறை போனை அவள் காதருகே வைப்பார். நான் மட்டும் பேசுவேன். அந்தப் பக்கம் காற்று சீறும் சத்தம். ஆற்றங்கரையில் காற்றடிக்கும்போது போன் பேசினால் கேட்குமே, அந்தச் சத்தம். என்ன பேசுவது? ரசத்தில் உப்புக் கம்மி என்பேன். ஜெனரேட்டர் மேல் ஒரு பூனை படுத்திருக்கிறது என்பேன். பூனை எதுவும் இல்லை. பேச வேறு இல்லாமல் சொன்னது. பத்து வருஷத்துக்கு மேல் அவளைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியவன் நான். அவளிடம் சொல்ல என்னிடம் இவ்வளவு குறைவாகத்தான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

சிறுநீரக டாக்டர் வந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளில் ஒன்றைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம் என்றார். நிறுத்தினால் உடம்பு வைரஸோடு நன்றாகப் போராடும். ஆனால் அதே வேகத்தில் சிறுநீரகத்தையும் எதிர்க்க ஆரம்பிக்கலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மச்சான் என் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு போனில் பேசினார். கண்ணாடியின் இரு பக்கமும் நாங்கள்.

"கிட்னி போனா போகட்டும் மாப்ள. ஆளு இருந்தாப் போதும்."

அதைக் கொடுத்தவரே சொல்லிவிட்டார். நிறுத்தச் சொன்னோம்.

எனக்குக் காய்ச்சல் விட்டது. குழாயை எடுத்தார்கள். அவளுக்கு முன்னால் நான் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் அவள் அருகில் போகக் கூடாது. ஆட்டோவில் பாலம் ஏறும்போது காவிரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கூட்டமெல்லாம் வடிந்து ஊர் பழையபடி இருந்தது. பூட்டைத் திறக்கப் போனபோது மேல்மாடியிலிருந்து படிகளில் ஒரு பெண் இறங்கி வந்து பாதியில் நின்றாள். நிவேதா. எங்களுக்கு மேலே குடியிருப்பவள். சில மாதங்களுக்கு முன்னால்தான் குடிவந்தார்கள். எனக்குப் பார்த்தால் சிரிக்கிற பழக்கம் மட்டும். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. நிவேதா அழுதுகொண்டிருந்தாள்.

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். நான் வேலைக்குக் கிளம்பியதும் சுமதி தினமும் மாடிக்குப் போவாளாம். குழந்தை இனியாவைக் குளிப்பாட்டுவதும் தூங்க வைப்பதும் அவள்தானாம். குழந்தைக்குச் சளி பிடித்தபோது வரவேண்டாம் அக்கா என்று நிவேதாவே சொல்லியிருக்கிறாள். நான்கைந்து நாள் சுமதியும் போகவில்லை. பிறகு நிவேதாவுக்கே காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, கணவன் வெளியூரில். குழந்தை அழும் சத்தம் கீழே கேட்டிருக்கிறது. சுமதி போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அன்று முழுக்கக் கீழே வைக்கவேயில்லை என்றாள் நிவேதா. மன்னிச்சிருங்க அண்ணா என்றாள். உங்கள் காய்ச்சல் சரியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

அந்த வீட்டில் தனியாக இருந்த நாட்களில் ஒன்றைக் கண்டுகொண்டேன். காலையில் எல்லா வேலையும் முடிந்த பிறகு, எங்கள் முன்னறையில் எந்தச் சத்தமும் இல்லை. டிவியைப் போடலாம், நிறுத்தலாம். மாத்திரை நேரம் வரும், போகும். ஆஸ்பத்திரித் தனியறை எனக்குச் சில நாட்களுக்குத்தான் இருந்தது. அவளுக்கு அதுதான் வீடு.

சுமதி தேறினாள். மெல்ல மெல்ல ஆக்சிஜனைக் குறைத்தார்கள். மறுபடி மெஷினில் பார்த்து என்னிடமும் வைரஸ் இல்லை என்றான பிறகு, முகக்கவசமும் அங்கியும் போட்டு என்னை உள்ளே விட்டார்கள். பாதியாகியிருந்தாள். கன்னத்தில் குழாய் அழுத்திய தடம். என்னைப் பார்த்ததும், மேலே போய்வந்தது எனக்குத் தெரிந்துவிட்டது என்பதைப் புரிந்துகொண்டாள். அவளே பேசினாள், நிறுத்தி நிறுத்தி.

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அது என்னைப் பார்த்து சிரிக்குதுங்க. நான் நோயாளின்னு அதுக்குத் தெரியாது."

கையுறை மாட்டிய கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மச்சானிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். இன்றுவரை நான் சொல்லவில்லை.

சிறுநீரகம் தப்பியது, முழுதாக இல்லை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய உப்பு ரத்தத்தில் முன்பைவிடக் கொஞ்சம் கூடித்தான் நிற்கிறது. நிறுத்திய மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் அன்று மாடிக் குழந்தையிடம் சுமதி போய்வருவதைப் பற்றி நான் டாக்டரிடம் கேட்டபோது சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். நுரையீரல் நன்றாகத் தேறும் வரை வேண்டவே வேண்டாம், பிறகு குழந்தைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் சளி இல்லாத நாளில், முகக்கவசத்தோடு, கை கழுவிவிட்டு, ஆபத்து இல்லாமல் இல்லை, ஆனால் போகலாம் என்றார்.

அந்தக் காத்திருப்பு நீண்டது. அதற்குள் இனியா நிற்கக் கற்றுக்கொண்டாள். டாக்டர் சரி சொன்ன மறுநாள் காலை நான் மாடிக்குப் போய் நிவேதாவிடம் பேசினேன். இப்போது அவள் தினமும் என் போனுக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். சளி இருக்கிறது, அல்லது இல்லை. வேறு எதுவும் எழுதுவதில்லை.

முதன்முதலாக இல்லை என்று வந்த அன்று நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன். சுமதி சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். முகக்கவசத்தை மூக்கின் மேல் அழுத்திச் சரிசெய்தாள். படியேறும்போது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் கூடப் போகவில்லை. கீழே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மேலே கதவு திறந்தது. குழந்தை ஏதோ கத்தியது. அதற்குப் பதில் சொல்லும் சுமதியின் குரல் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.